துடக்கு நாளில் போன நாலு விகாரைகள்

என்ரை மனுசன் பதினொரு நாளாக் கண் திறக்கேல்லை. போன வைகாசியில நடந்தது. காய்ச்சல் எண்டு மெல்பேர்னில எங்கடை மல்கிரேவ் வீட்டில படுத்தவர். அது நெஞ்சுச் சளியாகி மூச்சு எடுக்க ஏலாமல் போக, ஆஸ்பத்திரியில மெசின் பூட்டி நித்திரையாக்கி வைச்சவை. பிறகு மருந்தைக் குறைச்சும் முழிக்கேல்லை. டொக்டர் இங்கிலீசில சொல்லுவார். நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டனான். மகள் அபிரா தமிழில சொல்ல முதலே அவளின்ரை முகத்தைப் பார்ப்பன். அதிலயே விளங்கிவிடும்.

கோயிலில போய் அழவும் வழியில்லை. இவர் படுக்க ரெண்டு கிழமைக்கு முதல்தான் அவரின்ரை அண்ணர் ஊரில செத்தவர். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. வீட்டுச் சாமிப் படத்துக்கு விளக்குக்கூட ஏத்தேல்லை. துடக்கோட கும்பிட்டு, அந்தக் குற்றமும் இவரிலதான் விழுமோ எண்டு பயம். எனக்கு எல்லாத்துக்கும் பயம். போன் அடிச்சாலும் பயம், அடிக்காட்டிலும் பயம்.

பக்கத்து வீட்டுச் சந்திரா சிங்களப் பிள்ளை. வவுனியாவில வளந்ததால தமிழ் நல்லாக் கதைப்பா. புத்தர் பிறந்த வெசாக் நாளுக்காக அவையின்ரை ஆக்கள் ஒரு சனிக்கிழமை மெல்பேர்னில நாலு விகாரைக்கு வான் பிடிச்சுப் போக ஒழுங்கு செய்தவை.

"அக்கா, நீங்களும் வாங்கோ."

"எனக்குத் துடக்கு, பிள்ளை."

"எங்களுக்கு அது இல்லை அக்கா. செத்த வீட்டுக்கே பிக்கு வந்து ஓதுறவர். பிறகென்ன துடக்கு?"

ஊரில விகாரையைக் கண்டால் தலையைக் குனிஞ்சுகொண்டு விலகிப் போன ஆள் நான். ஆஸ்பத்திரியில ஒரு நேரத்தில ஒராள்தான் நிக்கலாம். "போட்டு வாங்கோ அம்மா, நான் நிக்கிறன்" எண்டு அபிரா கலைச்சுவிட்டாள். போனன்.

முதல் மூண்டு இடத்திலயும் உள்ளுக்குப் போகேல்லை. செருப்புக் கழட்டுற இடத்திலயே நிண்டன். "கும்பிட வந்து செருப்புக்குக் காவல் நிக்கிற ஆளை இப்பதான் காணுறன்" எண்டு சந்திரா பகிடி விட்டா. சிரிப்பு வரேல்லை. இவர் போயிட்டால் நான் ஏன் இருக்கவேணும் எண்டுதான் மனசில ஓடினது.

நாலாவது, வியட்நாம் ஆக்களின்ரை கோயில். வயசான பிக்குணி ஒராள் வெளிய வந்தா. ஒண்டும் கேக்கேல்லை. கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊதுபத்தி கொளுத்தித் தந்தா. புத்தரை எப்பிடிக் கும்பிடுறது எண்டு எனக்குத் தெரியாது. வாயில முருகன்தான் வந்தார். "முருகா, துடக்கோட வந்திட்டன். குற்றத்தை என்னில போடு. அவரை விடு." நிலத்தில விழுந்து கத்தி அழுதன்.

திரும்பி வரேக்க வானுக்குள்ள என்ரை போன் அடிச்சது. எடுக்கப் பயந்து சந்திராட்டை நீட்டினன். கேட்டுப்போட்டு அவவும் அழத் தொடங்கினா. நான் முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

"அக்கா, அண்ணை கண் முழிச்சிட்டாராம்."

மூண்டாம் நாள் மெசினைக் கழட்டினவை. நடந்ததைச் சொன்னன். குரல் வராத தொண்டையால அவர் சொன்ன முதல் கதை: "விசரி, அண்ணற்றை துடக்கு முடியேல்லை. அதுக்குள்ள கோயிலுக்கோ போனனி?" அவர் பேசினது எனக்கு எண்டைக்கும் அவ்வளவு இனிச்சதில்லை.

டொக்டர்மார் பட்ட பாட்டை நான் மறைக்கேல்லை. ஆனால் என்ரை அழுகையைக் கேட்டவர் ஆர் எண்டு எனக்குத் தெரியும். முருகனுக்கு நன்றி. என்னை உள்ளுக்கு விட்ட புத்தருக்கும் நன்றி. இப்பவும் இவருக்குப் படி ஏறினால் இளைக்குது. பயம் என்னை விட்டுப் போகேல்லை. பயத்தோடயே கும்பிடப் பழகிட்டன்.

அடியார்களே, மனம் உடைஞ்ச நாளில எனக்குத் தகுதி இருக்கோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. கேளுங்கோ. வார்த்தை வராட்டி அழுதெண்டாலும் கேளுங்கோ.