கேடயத்தைத் தாங்கியவர்கள்

கச்சிராயபாளையம் போகிற வழியில் கரும்புத்தோட்டக்காரர் ஒருவர் புது வீடு கட்டினார். மகன் வெளிநாட்டில் படித்த கல்லூரியின் வாசலில், ஒரு கேடயத்தை இரண்டு சிங்கங்கள் தாங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், தன் வீட்டு கேட்டுக்கும் அதுபோல ஒரு குலச்சின்னம் வேண்டும் என்றார். பள்ளிக்கூடங்களுக்கும் சங்கங்களுக்கும் சின்னம் வரைந்து பிழைக்கிறவன் நான். ஐரோப்பிய ராஜாக்களின் கேடயங்களைப் பற்றிக் கண்ணில் பட்ட புத்தகத்தையெல்லாம் படித்திருக்கிறேன். அந்த ஞானத்துக்குக் கள்ளக்குறிச்சியில் கிடைத்த முதல் கிராக்கி இவர்தான்.

கல்வராயன் மலையில் சிங்கம் கிடையாதே என்றேன். லண்டனில் மட்டும் இருக்கிறதா என்றார்.

ஆனாலும் சிங்கம் வரைய மனம் வரவில்லை. கேடயத்துக்குள் மலையும் கரும்பும் வரைந்தேன். அதைத் தாங்குபவர்களாக, இருபுறமும் கரும்பு வெட்டும் ஆட்கள். கையில் கத்தி, தலையில் துண்டு. முதலில் அட்டையில் பென்சில், அதன்மேல் போஸ்டர் கலர், மெல்லிய தூரிகையால் பொன்னிறக் கோடு. தகட்டில் வெட்டுவதற்காக அதை ஸ்கேன் செய்து, பிளக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வரைந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

கடைக்கு வந்து பார்த்த தோட்டக்காரர் பூரித்துப் போனார். கத்தியையும் தலைக்கட்டையும் பார்த்து, அந்தக் காலத்துப் படைவீரர்கள் என்று நினைத்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். படித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? கரும்பு வெட்டுகிற ஆட்கள் என்று விளக்கினேன்.

முகம் கறுத்தது. ஆட்களையே எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆளு இருக்கட்டும் சார். துண்ட மட்டும் எறக்கி இடுப்புல கட்டிவுடுங்க. என் வூட்டு வாசல்ல எவனும் தலையில கட்டிக்கினு நின்னதில்ல."

வெயிலுக்குத் தலையில் கட்டிய துண்டு, இவருடைய பைக் சத்தம் கேட்டதும் இடுப்புக்கு இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். படத்திலும் இறங்க வேண்டுமாம். இவர் ஊரில் இல்லாத நாளிலும், மழை கொட்டினாலும், தகட்டு மனிதன் இடுப்பில் துண்டோடு பணிந்து நிற்க வேண்டுமாம். எனக்கு உடம்பு எரிந்தது. முடியாது என்றேன். கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வேலைதானே என்று அவர் கடைக்காரரைப் பார்த்தார்.

கடைக்காரர் துண்டுகளை மவுஸால் பிடித்து இடுப்புக்கு இழுத்தார். இரண்டு ஆட்களுக்கும் நெற்றிக்கு மேலே ஒன்றுமில்லை. துண்டு மறைக்கிற இடம்தானே என்று நான் அங்கே எதையும் வரைந்திருக்கவில்லை.

"சார், கொஞ்சம் தலைய மட்டும் வரைஞ்சி குடுத்துடுங்களேன்" என்றார் கடைக்காரர், பாவம்.

"தலை வேணும்னா துண்டோட எடுத்துக்கச் சொல்லுங்க."

அட்டை ஓவியத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறி, வந்த பஸ்ஸில் ஏறினேன். அது என் வீட்டுப் பக்கம் போகாத சின்னசேலம் பஸ் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. என் கோபத்தின் கம்பீரம் அவ்வளவுதான்.

அந்த கேட்டில் இப்போது கேடயம் மட்டும் இருக்கிறது, இருபுறமும் வெறும் தகடு. தலையில்லாத ஆட்களை நிறுத்தக் கூச்சம். துண்டோடு நிறுத்த மனசில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இன்னும் கெட்ட வார்த்தைதான் வாயில் வருகிறது.