சக்கரத்துக்கு ஒரு கல்

சென்ற ஆவணியில், குற்றாலச் சீசன் ஓய்ந்த வாரம், என் பழைய காரை ஒப்படைக்கத் தென்காசிக்கு வெளியே வண்டி உடைக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். அங்கேதான் அவரைப் பார்த்தேன். புளியங்குடி எலுமிச்சையைக் கேரளத்துக்கு ஏற்றிச் செல்லும் லாரிக்காரர். கல்யாண வீட்டுக்கு வந்தவர்போலச் சலவைச் சட்டை போட்டிருந்தார்.

லாரியை நிறுத்தி இறங்கியவர், ஒரு கல்லைத் தேடி எடுத்துவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

“இனிமே எங்கன ஓடப் போவுது அண்ணாச்சி? நாளைக்கு வெட்டிருவோம்லா!” என்று ஊழியர் சிரித்தார்.

“அதுக்குத் தெரியாதுல்லா” என்றார் அவர், சிரிக்காமல்.

லாரியை ஏன் உடைக்கக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“மலை இறக்கத்துல ரெண்டு தடவை பிரேக் பிடிக்கல. மூணாவது தடவை நான் இருக்க மாட்டேன். பழசைக் கொடுத்தா புதுசுக்கு வரி குறைக்காவளாம்.”

லாரியை ஒப்படைத்ததற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். பஸ் புறப்பட்டபோது லாரி நின்ற பக்கம் அவர் திரும்பவில்லை. அது வருத்தமா, நிம்மதியா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.