அம்மன் வந்த மேசை

அன்றைக்கு அந்த ஓட்டலில் என் அம்மாவின் மேல் வந்தது அம்மன்தானா, இல்லை அம்மாவேதானா? எனக்கு அப்போது எட்டு வயது. இப்போது என் மகளுக்கு ஏழு நடக்கிறது. இத்தனை வருடத்தில் இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. அம்மாவிடம் கேட்பதாகப் பலமுறை நினைத்து, ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் வீடு புதூர்நாட்டுப் பக்கம், மலைமேல். அம்மாவின் அக்கா பெங்களூரில் இருந்தார். பெரியப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் மூன்று பெண்கள். மூத்தவள் வீட்டு வேலைக்கு வேண்டும், சின்னவள் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காதவள், நடுவில் நான். ஆகவே என்னைப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அப்பா சரி என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதற்குமே ஒன்றும் சொல்பவள் இல்லை என்பதால் அதையும் சரி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, ரயிலில் போகிறோம், பெரிய ஓட்டலில் சாப்பிடுகிறோம் என்பதுதான். அக்காவையும் தங்கையையும் அத்தை வீட்டில் விட்டுவிட்டு, அம்மா என் துணிகள் அத்தனையையும் ஒரு பையில் அடுக்கினாள், குளிருக்குப் போடும் ஸ்வெட்டர் வரைக்கும். ஓட்டலில் சாப்பிட எதற்கு இவ்வளவு துணி என்று எனக்குத் தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

ஜீப்பில் மலையிறங்கி, திருப்பத்தூரில் ரயில் ஏறி, பெங்களூர் போய்ச் சேர்ந்தோம். அது ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஓட்டல். உள்ளே நுழைந்ததும் ஏசிக் குளிருக்கு அப்பா தோள் துண்டைக் காதோடு போர்த்திக்கொண்டார். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஒரு பள்ளம். நாங்கள் உட்கார்ந்ததும் ஒருவர் வந்து கனன்றுகொண்டிருந்த கரியடுப்பை அதற்குள் இறக்கிவிட்டுப் போனார். கம்பியில் குத்திய கோழித் துண்டுகளை அதன்மேல் அடுக்கினார்கள்.

"இன்னா சகல, காசு குடுத்துட்டு நாமளே சுட்டுத் துன்னணுமா? இதுக்கு எங்க கொல்லையே தேவல" என்றார் அப்பா.

"சும்மா குந்துய்யா. கூட்டினு வந்தா மூஞ்சியச் சிரிச்சாப்புல வெச்சிக்க" என்றார் பெரியப்பா.

மேசையின் ஓரத்தில் ஒரு சின்னக் கொடி நின்றது. பரிமாற வந்தவர் கறுப்புச் சட்டை போட்டிருந்தாலும் பேச்சில் எங்கள் பக்கத்து ஆள், வாணியம்பாடிக்காரர். "இந்தக் கொடி நிக்கிற வரிக்கும் நாங்க கொண்டாந்துகினே இருப்போம்மா. போதும்னா சாச்சிடுங்க, நிறுத்திடுவோம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மாவுக்குப் புரிந்தது. ஆனாலும் அவள் கொடியைத் தொடவில்லை. எங்கள் ஊர் விருந்தில் போதும் என்றால் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டுவார்கள். அதைக்கூட அம்மா செய்து நான் பார்த்ததில்லை. அவர்கள் வைத்துக்கொண்டே போனார்கள். அம்மா அதையெல்லாம் என் தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். "சாப்டு, இன்னும் சாப்டு" என்று அவள் சொன்ன விதத்தில் ஏதோ அவசரம் இருந்தது. தீர்ந்துபோவதற்குள் சாப்பிடச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வயிறு முட்டிய நேரத்தில் பெரியப்பா வாணியம்பாடிக்காரரைக் கூப்பிட்டு, "எங்க பொண்ணுக்கு இன்னிக்கிப் பொறந்தநாளு" என்றார்.

எந்தப் பெண் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னிக்கி இல்ல மாமா" என்றாள் அம்மா, தட்டைப் பார்த்துக்கொண்டு.

"இருக்கட்டும்டி" என்று பெரியம்மா என் தலையைத் தடவினார். "இன்னிலேர்ந்து அவளுக்கு இதான் பொறந்தநாளு."

என் தட்டுக்கு வந்துகொண்டிருந்த அம்மாவின் கை பாதியில் நின்றது.

சற்று நேரத்தில் பாட்டு நின்று விளக்குகள் மங்கின. சமையலறைப் பக்கமிருந்து கறுப்புச் சட்டைக்காரர்கள் வரிசையாக வந்து எங்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். வாணியம்பாடிக்காரர் கையில் மெழுகுவத்தி எரியும் கேக். இன்னொருவர் இடுப்பில் மேளம். எல்லோரும் கைதட்ட, மேளம் வேகம் பிடித்தது. அந்த அடி எங்கள் ஊர்த் திருவிழாவில் பம்பை அடிப்பதைப் போலவே இருந்தது. அங்கே அம்மாவுக்கு அருள் வரும்போதும் இப்படித்தான், நடுவில் நெருப்பு, சுற்றிலும் ஆண்கள், எல்லோர் கண்ணும் ஒரே இடத்தில். எனக்குச் சிரிப்பாக வந்தது.

பக்கத்து நாற்காலி சாய்ந்து விழுந்தது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். கொண்டை அவிழ்ந்து முடி முகத்தை மூடியிருந்தது. அவள் ஆட ஆரம்பித்தாள்.

அவர்கள் நிறுத்தவில்லை. பிறந்தநாளுக்கு ஆடுகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். எதிர் மேசைக் குடும்பம்கூடக் கைதட்டியது. பிறகு அம்மாவின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. மேளக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது.

அவர்களில் வாணியம்பாடிக்காரருக்கு மட்டும் விஷயம் புரிந்தது. கேக்கை மேசைமேல் வைத்துவிட்டு, காலணியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். இங்கிலீஷில் ஏதோ கேட்டுக்கொண்டு ஓடிவந்த மேனேஜரைக் கையமர்த்தி, "இருங்க சார்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இன்னா கொற தாயே? சொல்லு தாயே" என்றார்.

"என்னக் கேக்காம என் கொழந்தைய மலைய வுட்டு எறக்கினு வந்துட்டீங்களேடா."

அது அம்மாவின் குரல் இல்லை. அந்தக் குரல் அப்பாவைப் பார்த்து, "டேய், யாரக் கேட்டு எறக்குன?" என்றது. வீட்டில் அப்பா எதிரில் உட்காரக்கூட மாட்டாள் அம்மா. அவளிடமிருந்து அந்த வார்த்தையைக் கேட்ட அதிர்ச்சி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெரியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரியாமப் பண்ணிட்டோம் தாயே" என்றார் அப்பா.

"கொழந்தைய மேல ஏத்து. அது ஏறினாத்தான் நான் மலையேறுவேன்."

"ஏத்திடறேன் தாயே. சத்தியமா ஏத்திடறேன்."

சூடம் கேட்டது குரல். அந்த ஓட்டலில் சூடத்துக்கு எங்கே போவார்கள்? அம்மா கேக்கிலிருந்த மெழுகுவத்தியை எரிய எரியப் பிடுங்கி வாய்க்குள் போட்டு மூடிக்கொண்டாள். நான் அலறினேன். அவள் அப்படியே சரிந்தாள்.

அது அம்மன்தான் என்று அந்த இடத்தில் நம்பினேன். நெருப்பை விழுங்க அம்மாவால் முடியாது, கொதிக்கும் பால் பாத்திரத்தைக்கூடத் துணி இல்லாமல் இறக்க மாட்டாள். ஆனால் இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. ஆடிய நேரம் முழுக்க அவளுடைய இடது கை எனக்கும் கரியடுப்புக்கும் நடுவில் இருந்தது. கண் மூடியிருந்தது, தலை சுழன்றது, அந்தக் கை மட்டும் நகரவில்லை. ஊரில் அருள் வரும்போது நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாலும் அவளுக்குத் தெரியாது.

தண்ணீர் தெளித்து அவளை உட்காரவைத்தபோது மேசையைப் பார்த்தேன். கொடி சாய்ந்து கிடந்தது. யார் சாய்த்தார்கள் என்று தெரியவில்லை.

அன்றைக்கே ரயில் ஏறினோம். அம்மாவின் உதடு வெந்து வீங்கியிருந்தது. "நான் இன்னா சொன்னேன்?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார். "அப்டியா" என்றாள். மடியிலிருந்த பையைத் திறந்து, குளிரே இல்லாத அந்த ரயில் பெட்டியில், ஸ்வெட்டரை எடுத்து எனக்குப் போட்டுவிட்டாள். நானோ கேக்கைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று திருப்பத்தூர் வரை அழுதுகொண்டு வந்தேன். கிளம்பும்போது அந்தக் கேக்குக்கு எதிரில் பெரியம்மா தனியாக உட்கார்ந்திருந்தது கண்ணில் பட்டும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வரவேயில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நான் ஜமுனாமரத்தூரில் குடியிருக்கிறேன். பி.எட். முடித்திருக்கிறேன். ஓசூரிலிருக்கும் என் கணவரின் அக்கா, என் மகளைத் தன்னிடம் விட்டுப் படிக்கவைக்கச் சொல்கிறார். நல்லவர், அவருக்கும் பிள்ளை இல்லை. "படிப்புக்குத்தானே" என்கிறார் கணவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளி திறப்பதற்கு முன் எல்லோரும் ஒருநாள் வெளியே சாப்பிட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறார்கள். அதே ஓட்டலின் ஓசூர்க் கிளை.

மறுப்பது சரியா என்றும் தெரியவில்லை. பெரியம்மாவிடம் வளர்ந்திருந்தால் நான் இன்னும் நன்றாகப் படித்திருப்பேனோ என்று நினைக்கிறேன். மகள் தூங்கும்போது அந்த நினைப்பு போய்விடுகிறது, காலையில் திரும்பி வருகிறது. கண்ணாடி முன் நின்று, "இல்லீங்க அண்ணி, கொழந்த எங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிப் பார்க்கிறேன். என் முகமே அதை நம்பவில்லை.

பம்பைச் சத்தத்துக்கு என் உடம்பு ஒருநாளும் ஆடியதில்லை. எனக்குச் சாமி வராது. பெரியம்மாவைப் போல இன்னொருவர் தனியாக உட்கார்ந்துவிடாமல், என் குரலிலேயே அதை எப்படிச் சொல்வது? சொன்னவர்கள் யாராவது இருந்தால், பள்ளி திறப்பதற்குள் எழுதுங்கள்.