தம்பி தலையாட்டும் வரை

பிள்ளைகளே, என் மகளுக்குப் பேச்சென்றால் உயிர். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். விழுப்புரத்தில் நடந்த விவாதப் போட்டியில் அவள் குரல்தான் பெரிது, தோற்றதும் அவள்தான். "எதிரணி சொன்னதுக்கு நீ பதிலே சொல்லலியேம்மா" என்றார் நடுவர். அடுத்த போட்டி திண்டிவனத்தில். அதிலும் தோற்றால் அணியில் அவளுக்கு இடமில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

தலைப்பு: வீட்டுப்பாடம் வேண்டுமா, வேண்டாமா? இவள் 'வேண்டும்' பக்கம். வேண்டாம் என்று பேச வீட்டிலேயே ஆள் இருந்தான். ஆறாவது படிக்கும் என் மகன். அவனுக்கு யாரும் எழுதித்தர வேண்டியதில்லை.

"சாயங்காலம் மல்லாட்டை ஆயப் போற புள்ள எப்ப எழுதும்? எழுதலன்னு மறுநாள் அடியும் அதுக்குத்தான்" என்றான். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை; அதைச் செடியிலிருந்து பறிப்பது கூலி வேலை.

"சோம்பேறிங்க எழுதமாட்டாங்கன்னு சொல்ற, அது தப்பு" என்று பாய்ந்தாள் மகள்.

"நான் எப்பக்கா சோம்பேறின்னேன்? காதுல என்னா வச்சிக்கினு இருக்கற?"

சண்டை முற்றியதும் அடுப்படியிலிருந்து என் மனைவி கத்தினாள்: "ஏண்டி, அவன் சொன்னத மொதல்ல நீ சொல்லிக் காட்டு. 'ஆமா, அதான் சொன்னேன்'னு அவன் தலையாட்டுனாதான் நீ வாயத் தொறக்கணும்."

அதுவே எங்கள் வீட்டுச் சட்டமானது. அவனா லேசில் தலையாட்டுவான்? "பாதிதான் சொன்ன, அடிய உட்டுட்ட" என்பான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சொல்வாள். போகப்போக அவன் கட்சியை அவனைவிட நன்றாகச் சொன்னாள். நான் நடுவர். எட்டாவதோடு நின்ற எனக்கே, இப்போது அவள் எதற்குப் பதில் சொல்கிறாள் என்று விளங்கியது.

திண்டிவனத்தில் எதிரணி மாணவனும் வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினான். பலத்த கைதட்டல். மகள் நிதானமாக எழுந்தாள்.

"வேலைக்குப் போகும் பிள்ளைக்கு எழுத நேரமில்லை, தண்டனையும் அவனுக்கே. நண்பர் சொன்னது இதுதானே?"

அந்த மாணவன் தலையாட்டிவிட்டான்!

"அந்தத் தண்டனையை நானும் எதிர்க்கிறேன். ஆனால் ஒரே ஒரு கணக்காவது கொடுங்கள். அவன் எங்கே தடுமாறுகிறான் என்று ஆசிரியருக்கு அதில்தான் தெரியும். அதுவும் இல்லையென்றால், தேர்வில் தோற்கும்வரை அவனை யார் கவனிப்பார்கள்?"

எதிரணி மாணவனே கைதட்டினான். முதல் பரிசுக் கோப்பை அவளுக்கு. அணியில் இடமும் உறுதி.

திரும்பும் பேருந்தில், எங்களோடு வந்திருந்த மகன் கோப்பையை மடியில் இறுக்கிக்கொண்டான்.

"பாதி கப்பு என்னுதுக்கா."

"தெனமும் நீ எதிர்த்துப் பேசலன்னா நான் செயிச்சிருக்க மாட்டேன், அதனால பாதி உன்னுது. அதானே சொல்ற?"

"ஆமா, அதான் சொன்னேன்."

"சரி, வச்சிக்கோ" என்றாள்.