காபி குடித்த கீபோர்டு

காபி கொட்டிய என் கேமிங் கீபோர்டைத் துடைத்து, ‘லேசாகப் பயன்படுத்தியது’ என்று இணையத்தில் விற்று, ஸ்ரீரங்கத்தில் ஓர் அம்மாவிடம் பெட்டியோடு கொடுத்துவிட்டு வந்தேன். அன்றே அவர் விடாமல் அழைத்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று பயந்து, போனை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் காலையில் மகள், “அப்பா, கீபோர்டு பெட்டி எங்க? என் மார்க் ஷீட்டெல்லாம் அதுலதானே வெச்சேன்!” என்றாள். பத்து மணிக்குக் கல்லூரியில் அசலைக் காட்டாவிட்டால் இடம் போய்விடும்.

உறையூரிலிருந்து ஸ்கூட்டரில் பறந்தேன். காவிரிப் பாலத்தில் வாய்விட்டு அழுதேன். ஹெல்மெட் மானத்தைக் காத்தது.

“நேத்துலேர்ந்து கூப்பிடறேன், எடுக்கவே மாட்டேங்கறீங்களே சார்!” என்று அந்த அம்மா மார்க் ஷீட்டுகளை நீட்டினார். பெருமாள் படத்துக்கு முன்னால் பத்திரமாக வைத்திருந்தாராம்.

வாங்கிக்கொண்டு, “மேடம், அது காபி கொட்டின கீபோர்டு” என்று உளறினேன்.

“அப்படியா? நல்லாத்தானே அடிக்குது!”

அவருக்குத் தெரியவே தெரியாது. வராத திட்டுக்குப் பயந்து, மகளின் படிப்பையே தொலைக்கப் பார்த்திருக்கிறேன்.