அசையாத புள்ளி

ரோஹிணி இரண்டு வருஷமாகச் செயற்கைக்கோள் ரேடார் படங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தாம்பரத்தைச் சுற்றி எந்த நிலம் வருஷத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று தெரிந்தால், அடியில் அமுங்குகிற களிமண் எங்கே கிடக்கிறது என்று வரைந்துவிடலாம். வரைந்தால் டாக்டர் பட்டம். பாழாய்ப்போன கம்ப்யூட்டரோ, வட்டாரம் முழுக்க மேலே எழும்புவதாகவே சாதித்தது.

"நிலம் என்னம்மா இட்லியா, உப்பறதுக்கு?" என்று வழிகாட்டிப் பேராசிரியர் ஸ்ரீநிவாசராகவன் 2007 சித்திரையில் மறுபடியும் திருப்பி அனுப்பினார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. எங்கே தப்பு என்று எவ்வளவு குடைந்தும் ஒரு எழவும் விளங்கவில்லை.

இந்த வேலைக்கு அசையாத புள்ளி ஒன்று வேண்டும். மற்றதையெல்லாம் அதிலிருந்துதான் அளக்க வேண்டும். அவள் வைத்திருந்தது, வைகுண்ட நகரில் இருந்த சொந்த வீட்டு மொட்டைமாடியை. வங்கியில் உழைத்து அந்த வீட்டைக் கட்டிய அப்பா பத்ரிநாராயணன், பூகம்பமே வந்தாலும் இது அசையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்டே வளர்ந்தவளுக்குச் சந்தேகம் எப்படி வரும்?

அன்று சாயங்காலம் குளியலறைக் கதவு சிக்கிக்கொண்டது. வருஷாவருஷம் இழைத்துத் தள்ளுகிற கதவுதான். மழையில் மரம் ஊறிவிட்டது என்பார்கள். இந்தக் கொளுத்துகிற வெயிலில் மழை ஏது? மரம் ஊறவில்லையென்றால், கோணியது நிலைச்சட்டம்தான்.

மறுநாள் புள்ளியை ஊருக்கு வெளியே இருந்த மலைப்பாறைக்கு மாற்றினாள். ஊர் எழும்புவது சட்டென்று அடங்கிவிட்டது. தூர்த்துப்போன பழைய ஏரியின் வடிவத்தில் வைகுண்ட நகர் மட்டும் இறங்கியது. அதிலும் அதிகம் இறங்கியது அவர்கள் தெருதான்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. தம்பி அனிருத்தின் கல்யாணத்துக்காக எழுப்பிய மாடிக்கு விடிந்தால் கூரைக் கான்கிரீட் போடுவதாக இருந்தது. அவள் படத்தை அப்பா முன்னால் விரித்தாள். அடியில் களிமண், இன்னும் பாரம் ஏற்றினால் சுவர் பிளக்கும், மண்ணைச் சோதிக்கும்வரை நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள், கத்தவும் செய்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பாறைய வெச்சா நாம இறங்கறோம். நம்மாத்த வெச்சா ஊர் ஏறறது. அப்படித்தானே?"

"ஆமாம்ப்பா."

"அப்போ பழைய புள்ளியையே வெச்சுக்கோ."

காலையில் வாசலில் கலவை இயந்திரம் கடகடத்தது. ரோஹிணி குளிக்கப் போனாள். கதவைத் தோளால் இடித்துத்தான் சாத்த வேண்டியிருந்தது.