வெனிலா மணக்கும் வீடுகளும் வியாழக்கிழமை வகுப்பும்

வெண்ணெயும் வெனிலாவும் சேர்ந்து வேகும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்குப் பசிக்காது. வீடு பார்க்கக் கிளம்ப வேண்டும் போலிருக்கும். கால் தானாகச் செருப்பைத் தேடும். தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தொற்றிக்கொண்ட வியாதி அது. விற்கப்போகும் வீட்டை யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று வாசலில் பலூன் கட்டியிருப்பார்கள். கதவைத் திறந்தால் மின்னடுப்பில் குக்கீ பிஸ்கட் வெந்துகொண்டிருக்கும். வீடென்றால் இப்படித்தான் மணக்க வேண்டும் என்று வருகிறவர்களை நம்பவைக்கும் ஏற்பாடு. நான் ஒவ்வொரு முறையும் நம்பினேன். ஒவ்வொரு சமையலறையிலும் நின்றபடியே குடியேறி, கடுகு தாளித்து, ஜன்னலோரம் கறிவேப்பிலைத் தொட்டி வைத்து, மழை பார்த்து முடித்து, அடுத்த பலூனைத் தேடிப் புறப்பட்டுவிடுவேன்.

எங்களைக் கூட்டிப்போனவர் ஒரு அங்கிள். வாரநாட்களில் மருந்து கம்பெனி என்ஜினியர், சனி ஞாயிறுகளில் வீட்டுத் தரகர். மற்ற தரகர்கள் குளியலறைக் குழாயைத் திறந்து காட்டுவார்கள். இவர் தெருமுனையில் காரை நிறுத்தி, பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தைக் காட்டுவார்.

"குக்கீ வாசனையில மயங்காதம்மா. பேஸ்மென்ட்டை மோந்து பாரு. ஈர வாடை இல்லேன்னா நேரா ஸ்கூலைப் பாரு. நடுவுல இருக்கிற வீட்டைப் பத்திக் கவலையே படாத."

அவர் சொன்னதில் தப்பில்லை. அங்கே வீடு எந்த ஊர் எல்லைக்குள் விழுகிறதோ, அந்த ஊர் அரசுப் பள்ளிதான் பிள்ளைக்கு. அதனால் நாங்கள் இருந்த எடிசன் ஊரில் நம்மவர்கள் சந்தித்தால் சொந்த ஊர் எது என்பது இரண்டாவது கேள்வி. எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பதுதான் முதல் கேள்வி. மூன்றாவதை, பிறந்தநாள் விருந்தில் புளியோதரைத் தட்டோடு அருகில் வந்து, யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "பொண்ணு கிஃப்டட்டா?"

கிஃப்டட் என்றால், சூட்டிகையான பிள்ளைகள் என்று பள்ளி பொறுக்கி எடுத்து, தனி அறையில் வேறு மாதிரிப் பாடம் நடத்துவது. எங்கள் பள்ளியில் அது வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை. அந்த ஒரு நாளுக்காக ஜெர்சி முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அடுத்த அபார்ட்மெண்டுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர்களுக்கும் அதே வயதில் ஒரு பெண். இரண்டு பேருக்கும் ஒரே வகுப்பு, பேருந்தில் ஒரே இருக்கை. ஒருத்தி ஈரோட்டுத் தமிழில் ஆரம்பிப்பாள், மற்றவள் ஜெர்சி ஆங்கிலத்தில் முடிப்பாள். படிக்கட்டில் உட்கார்ந்தால் இருட்டும்வரை ஓயாது. சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு வீட்டிலும் யாரும் வரமாட்டார்கள்.

கிஃப்டட் தேர்வு வந்தது. மன்ஹாட்டனிலிருந்து ரயிலில் வந்து இறங்கியதும் டையைக்கூடக் கழற்றாமல் கணவர் மகளை மேஜையில் உட்காரவைத்தார்.

"கேள்விக்கு ஒரே ஒரு ரைட் ஆன்ஸர்தான் கண்ணா. அதைச் சொல்லிட்டு வாயை மூடிக்கணும். வளவளன்னு பேசினா இருக்கிற மார்க்கும் போயிடும். புரியுதா?"

"ஓகே அப்பா. ஒன் ஆன்ஸர்."

நானும் தோசையைத் திருப்பிக்கொண்டே தலையாட்டினேன். அந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டுதானே நாங்கள் இருவரும் கடல் தாண்டியிருந்தோம்.

ஈரோட்டுக்காரி மாவு இரவல் வாங்க வந்தவள் இந்தப் பயிற்சியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். "நாங்க என்னத்தைங்க அக்கா சொல்லித் தர்றது? அவளுக்கு இங்கிலீஸே இப்பத்தான் வருது. பென்சிலைச் சீவிக் குடுத்தனுங்க, அவ்வளவுதான்."

தேர்வில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, கையில் ஒரு பேப்பர் கிளிப்பைக் கொடுத்து, இதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் என்றாள் என் மகள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வேறு ஏதாவது? "நோ. தட்ஸ் இட்." கையைக் கட்டிக்கொண்டு, டீச்சரைப் பார்த்துப் பரிவோடு புன்னகைத்தாளாம்.

அடுத்து ஈரோட்டுப் பெண். கம்மல், தூண்டில் முள், பொம்மைக்குச் சீப்பு, காது குடைய. ஆங்கிலம் தீர்ந்துபோன இடத்தில் எழுந்து நடித்துக் காட்டினாள், நடிக்க வராததைக் கரும்பலகையில் வரைந்தாள். எறும்புக்கு ஏணி என்று அவள் வரைந்ததை டீச்சர் பல நாள் அழிக்காமல் வைத்திருந்தார். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே வெளியே வந்தாளாம்.

யாரை எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணவருக்குத்தான் ஆறவில்லை. "கிளிப்புக்கு வேற என்ன உபயோகம் இருக்கு? நானும் ஆபீஸ்ல இத்தனை வருஷமா அதுல பேப்பரைத்தானே மாட்டறேன்!"

"அதனாலதான் உங்களையும் எடுக்க மாட்டாங்க" என்றேன்.

வியாழக்கிழமைகள் வந்தன. மற்ற நாட்களில் பேருந்திலிருந்து ஜோடியாகக் குதிக்கிறவர்கள் அன்று மட்டும் தனித்தனியாக இறங்கினார்கள். ஒருத்தி வாயெல்லாம் கதையாக முன்னால் வருவாள். மற்றவள் பின்னால் புத்தகப்பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வருவாள். அந்தக் கதை நடந்த அறையில் இவள் இல்லையே, நடுவில் எங்கே புகுந்து பேசுவாள்?

ஒரு நாள் பையை வாசலிலேயே போட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்மா, ஐ டோன்ட் வான்ட் கிஃப்டட். ஐ வான்ட் தர்ஸ்டே."

கிஃப்டட் வேண்டாம், வியாழக்கிழமை வேண்டும். குழந்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னதை நாங்கள் அங்கிளிடம் கொண்டுபோனோம். அவர் ஜுரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதுபோல உடனே ஊரை எடுத்துக் கொடுத்தார்.

"ஆத்துக்கு அந்தாண்ட போயிடுங்க. அங்க மூணாவதுல மறுபடி டெஸ்ட் வைக்கிறான். இந்த வருஷம் விட்டதை அடுத்த வருஷம் புடிச்சிடலாம்."

அந்த ஊர் வீட்டைப் பார்க்கப் போன ஞாயிறு, காரின் பின் இருக்கையில் ஈரோட்டுப் பெண்ணும் இருந்தாள். பிரித்து விட்டுவிட்டுப் போக முடியவில்லை. இலையெல்லாம் சிவந்து நின்ற காலம். தெருவே குங்குமம் கொட்டியதுபோலக் கிடந்தது. உள்ளே வழக்கம்போல வெனிலா. கணவரும் அங்கிளும் பேஸ்மென்ட்டை மோந்து பார்க்க இறங்கினார்கள். நான் ஒரு குக்கீயை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

காலியான படுக்கையறையில் சுவரலமாரியின் கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்து குரல்கள். இது லிஃப்ட் என்றது ஒன்று. இல்லை, கப்பல் என்றது என் மகளின் குரல். பிறகு அதே குரல் ஆங்கிலத்தில் மேலே மேலே போனது: நீர்மூழ்கி, பேய்களுக்கு ஆஸ்பத்திரி, மழை சேர்த்து வைக்கிற டப்பா, சொன்ன பேச்சைக் கேட்காத அம்மாக்களுக்கு ஜெயில். மூச்சு விடாமல் சொன்னாள். ஈரோட்டுப் பெண் உள்ளே விழுந்து விழுந்து சிரித்தாள். குக்கீ என் கையிலேயே பிசுபிசுத்தது.

படியிறங்கி ஓடினேன். "என்னங்க, மேல போய் அலமாரிப் பக்கம் நின்னு கேளுங்க. உங்க பொண்ணு வாயை மூடவே இல்ல."

அவர் போனார். நெடுநேரம் கழித்து முகமெல்லாம் வெளிச்சமாக இறங்கி வந்தார்.

"அப்ப இந்த வீட்டையே வாங்கிடலாம். அடுத்த டெஸ்ட்ல பிச்சு உதறிடுவா!"

நான் சொல்ல வந்தது அதுவே இல்லை. அவளைப் பேசவைத்தது அலமாரி இல்லை, கூட இருந்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அங்கிள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். தவிர, சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம் தீப்பிடித்ததுபோல நின்றிருந்தது. அதற்கடியில் நான் ஏற்கெனவே கறிவேப்பிலைத் தொட்டியை வைத்துவிட்டிருந்தேன்.

பள்ளி ஆண்டு முடியட்டும் என்று காத்திருந்து, வெயில் காலத்தில் கிளம்பினோம். சாமான் ஏற்றிய டிரக்கைக் கணவர் முன்னால் ஓட்டிப் போய்விட்டார். ஈரோட்டுக்காரி தக்காளிச் சாதத்தை அலுமினியத் தாளில் சுற்றி என் மடியில் வைத்தாள். "ஆத்தைத் தாண்டினா ஊருங்க அக்கா. இதுக்குப் போய்க் கண்ணு கலங்குவாங்களா?" என்று சொல்லிவிட்டு அவள்தான் முந்தானையை எடுத்தாள்.

அவள் மகள் பின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு பேப்பர் கிளிப்.

"புது ஸ்கூல்ல கேட்டாங்கன்னா எறும்புக்கு ஏணின்னு சொல்லு. டீச்சருக்கு ரொம்பப் புடிக்கும்."

என் மகள் கிளிப்பை வாங்கிக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். "நோ. தட்ஸ் யுவர்ஸ்." அதன் ஒரு முனையைப் பிரித்து நிமிர்த்தி, காதில் வைத்துப் பார்த்தாள். "இட்ஸ் எ ஃபோன். ஐ வில் கால் யூ."

நான் காரைக் கிளப்பினேன். அந்தப் பெண் கூடவே இரண்டடி ஓடி வந்தாள்.

"அப்ப வியாழக்கிழமை கூப்பிடு. மறந்துடாத, செரியா?"